ஓயாமல் ஓடிய ஃபிளஷ் டேங்கும் அதற்கு வாங்கிய மாற்றுத் தொகுப்பும்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கழிப்பறைத் தொட்டியின் உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதற்கென்று விற்கப்படும் தொகுப்பு ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் வாங்கி, வீட்டில் நானே பொருத்தி, இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். பெட்டிக்குள் தொட்டிக்குள் நீரை விடும் ஒரு நிரப்பு வால்வு, தொட்டி நீரைக் கோப்பைக்குள் திறந்துவிடும் இரட்டைப் பொத்தான் கொண்ட ஒரு ஃபிளஷ் வால்வு, தொட்டியைக் கழிப்பறைக் கோப்பையோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகள், அவற்றுக்கான ரப்பர் வாஷர்கள், தொட்டிக்கும் கோப்பைக்கும் நடுவில் வைக்கும் தடித்த நுரை வளையம், மூடியில் பொருந்தும் பொத்தான் ஆகியவை இருந்தன. பொருத்திய அன்றே மதிப்பீடு எழுதியிருந்தால் ஐயமின்றிப் பாராட்டி முடித்திருப்பேன். தண்ணீரோடு பழகும் பொருளை ஒரு நாளில் எடைபோட முடியாது என்பதால் காத்திருந்தேன். ஆறாம் மாதத்தில் நேர்ந்த ஒரு சிறு கோளாறுதான் இந்தப் பொருளின் உண்மையான சிறப்பையும் அதன் பெரிய குறையையும் ஒருங்கே எனக்குக் காட்டியது.

முதலில் எனக்கிருந்த சிக்கலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா "ஓயாத ஓட்டமும்" ஒரே நோய் அல்ல. எங்கள் வீட்டுத் தொட்டியில் யாரும் பொத்தானைத் தொடாதபோதும் ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை 'சர்' என்று தண்ணீர் நிரம்பும் ஓசை எழும். சில நொடிகளில் அடங்கிவிடும். பகலில் அது காதில் விழாது. இரவில் வீடு முழுவதும் அமைதியாக இருக்கும்போது, யாரோ உள்ளே சென்று தண்ணீர் திறந்துவிட்டது போலக் கேட்கும். வேறு சில வீடுகளில் ஓசை இப்படி விட்டுவிட்டு வராமல், மெல்லிய சீறலாக இடைவிடாது கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்விரண்டு ஓசைகளும் இரண்டு வெவ்வேறு உறுப்புகளின் பழுதைச் சொல்பவை என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

தண்ணீர் உள்ளே வரும் ஓசை கேட்டதால், உள்ளே விடும் வால்வில்தான் பழுது என்று முடிவுசெய்து, மிதவையின் திருகைத் திருப்பி நீர்மட்டத்தைக் குறைத்தேன். இரண்டு நாள் ஓசை நின்றது போலத் தோன்றியது. மூன்றாம் நாள் மீண்டும் தொடங்கியது. பிறகு அந்த வால்வின் உள்ளிருந்து நீரைத் தடுக்கும் மெல்லிய ரப்பர்த் தகடான டயஃப்ரத்தை மட்டும் வாங்கி மாற்றினேன். அதனாலும் பயன் இல்லை. தண்ணீரை உள்ளே விட்ட வால்வு தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது. மட்டம் இறங்கியதால் அது திறந்தது. மட்டம் ஏறியதும் மூடிக்கொண்டது. மட்டம் ஏன் இறங்குகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு பென்சிலே போதும். தொட்டி நிரம்பி நின்றபின் மூடியைத் திறந்து, உட்சுவரில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட வேண்டும். தொட்டிக்கு வரும் குழாயில் சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வை இறுக மூடிவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், அடியில் உள்ள ஃபிளஷ் வால்வு வழியாகக் கசிகிறது. கோட்டிலேயே நின்றிருந்தால் அடிப்பக்கம் நன்றாக இருக்கிறது. நிரப்பு வால்வு முழுமையாக மூடாமல், மிகுதி நீர் நடுவில் உள்ள வழிவுக் குழாயின் வாய் வழியே கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். இந்த இரண்டாம் வகைப் பழுதில், ஆங்கிள் வால்வு திறந்திருக்கும்போது நீர்மட்டம் வழிவுக் குழாயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதையும் கண்ணால் காணலாம். அந்த நீர் கோப்பையின் உட்சுவரை ஒட்டிச் செல்வதால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதனால்தான் பல வீடுகளில் இது மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் ஓடுகிறது.

எங்கள் தொட்டியில் ஒரு மணி நேரத்தில் 3 செ.மீ. இறங்கியிருந்தது. தொட்டியின் உள்ளளவு 40 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும். ஆகவே ஒரு செ.மீ. மட்டம் என்பது 600 மி.லி. நீர், மூன்று செ.மீ. என்றால் 1.8 லிட்டர். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 43.2 லிட்டர். முழு ஃபிளஷ் ஒன்றுக்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏழுமுறை முழுதாகத் திறந்துவிட்ட நீரை யாரும் பயன்படுத்தாமலேயே நாங்கள் ஒவ்வொரு நாளும் இழந்துகொண்டிருந்தோம். கண்ணுக்குக் கசிவாகவே தெரியாத ஒன்று இவ்வளவு நீரைக் கொண்டுபோகும் என்பதை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். உங்கள் தொட்டியின் நீள அகலங்களை அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழுதைத் தள்ளிப்போட மனம் வராது.

உறுதிசெய்துகொள்ள இன்னொரு சோதனையும் செய்தேன். உணவில் சேர்க்கும் நிறப்பொடியைச் சிறிது கரைத்துத் தொட்டி நீரில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோப்பையில் தேங்கியிருக்கும் நீரில் அந்த நிறம் படர்ந்திருந்தது. பென்சில் கோடு அளவைச் சொல்கிறது, நிறம் வழியைச் சொல்கிறது. அளவுதான் முடிவெடுக்க உதவும் என்பதால், ஒன்றை மட்டும் செய்வதானால் கோட்டையே பரிந்துரைப்பேன்.

இனி, ஃபிளஷ் வால்வு ஏன் கசிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரட்டைப் பொத்தான் வகையில், தொட்டியின் நடுவில் நிற்கும் குழாயின் அடியில் தட்டையான ஒரு ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம் இருக்கும். பொத்தானை அழுத்தும்போது குழாய் மேலே எழும்பி, வளையம் தன் இருக்கையை விட்டு விலகி, நீர் கீழே பாய்கிறது. பிறகு குழாய் தன் எடையால் இறங்கி, மேலிருக்கும் நீரின் அழுத்தத்தோடு வளையம் இருக்கையில் ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய தொட்டியின் நீர் முழுவதையும் தடுத்து நிறுத்துவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த ஒட்டுதல் மட்டுமே. உப்பு மிகுந்த கடினநீரில் சுண்ணாம்புப் படிவு அந்த இருக்கையில் மெல்ல மெல்லப் படரும். குழாய்களிலிருந்து வரும் மணலும் துருத்துகளும் வளையத்தில் பதியும். ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல விறைத்து, ஓரம் சுருண்டுபோகும். நீரில் உள்ள குளோரினும் ரப்பரைக் கெடுக்கும். மணத்துக்காகவும் தூய்மைக்காகவும் தொட்டிக்குள்ளேயே போடப்படும் குளோரின் மாத்திரைகள் இந்தக் கேட்டை மிகவும் விரைவுபடுத்தும். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அவற்றைப் போட்டுவந்தோம். கழற்றியெடுத்த பழைய வளையத்தைத் தொட்டபோது விரலில் கறுப்பு மை போல ஒட்டியது. ரப்பர் கரையத் தொடங்கியிருந்தது. தூய்மைப்படுத்த வேண்டுமானால் கோப்பையில் போட்டுத் தேய்க்கலாம். தொட்டிக்குள் எதையும் போடாதீர்கள் என்று இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சிறு வரலாற்றுச் செய்தி பொருந்தும். பிரிட்டனில் நீண்ட காலம் கழிப்பறைத் தொட்டிகளில் வால்வுக்கு இடமே தரப்படவில்லை; நீரை ஒரு வளைவின் உச்சிக்கு ஏற்றி அப்பால் விழச்செய்யும் சைஃபன் அமைப்பே கட்டாயமாக இருந்தது. சைஃபனில் நீர்மட்டத்துக்குக் கீழே திறக்கக்கூடிய வாய் எதுவும் இல்லாததால், தேய்ந்துபோனாலும் அது கோப்பைக்குள் கசியாது. ஃபிளஷ் ஆகாமல் நின்றுவிடும், அவ்வளவுதான். 1999 ஆம் ஆண்டின் விதிகளின்படி 2001 தொடக்கத்திலிருந்துதான் அங்கே வால்வு வகைக்கும் இசைவு கிடைத்தது. வால்வு வகைக்கு அதற்கேயுரிய நன்மைகள் உண்டு: பொத்தான் மென்மையாக அழுங்கும், நீர் விரைந்து பாயும், அரை ஃபிளஷ் எளிதில் கிடைக்கும். ஆனால் அடியில் ஒரு ரப்பர் வளையத்தை நம்பி நிற்கும் அமைப்பு என்றாவது ஒருநாள் கசிந்தே தீரும். எனவே ஒரு ஃபிளஷ் வால்வை மதிப்பிடும்போது அது கசியுமா என்று கேட்பதைவிட, கசியும் நாளில் அதை எவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியும் என்று கேட்பதே பொருத்தமானது. இந்த மதிப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் பற்றி நிற்கிறது.

எங்கள் பழைய ஃபிளஷ் வால்வு இந்தக் கேள்விக்கு மிக மோசமான விடையைத் தந்தது. அதன் அடிப்பகுதியும் மேற்பகுதியும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. வளையத்தைத் தொட வேண்டுமானால் தொட்டியையே கோப்பையிலிருந்து கழற்றியாக வேண்டும். கழற்றினாலும் வளையம் தனியாக வெளியே வராது. எனவேதான் முழுத் தொகுப்பை வாங்க வேண்டியதாயிற்று. உங்கள் வால்வின் மேற்பகுதி கையால் திருகினால் கழன்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், வளையத்தைக் கழுவுவதாலோ வளையத்தை மட்டும் மாற்றுவதாலோ வேலை முடிந்துவிடக்கூடும். இந்தத் தொகுப்பு உங்களுக்குத் தேவையே இல்லை.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை சில உண்டு. தொட்டியின் அடித்துளையின் விட்டம் முதன்மையானது. பரவலாகக் கிடைப்பவை 2 அங்குல வால்வும் 3 அங்குல வால்வும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அடுத்தது தொட்டியின் உள்ளுயரம், ஏனென்றால் வழிவுக் குழாயின் உயரத்தை அதற்கேற்பச் சரிசெய்ய இடமிருக்க வேண்டும். நீர் தொட்டிக்குள் அடியிலிருந்து நுழைகிறதா, பக்கவாட்டிலிருந்து நுழைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நான் வாங்கியது அடியிலிருந்து நுழையும் வகைக்கு மட்டுமே உரியது. பெட்டியின் மேல் எல்லாத் தொட்டிகளுக்கும் பொருந்தும் என்ற பொருளில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. அது சரியன்று. கோப்பையின் மேல் நேரடியாக அமரும் பீங்கான் தொட்டிகளுக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். சுவருக்குள் புதைந்த தொட்டிகளின் உறுப்புகள், முகப்புத் தகட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய திறப்பு வழியே எடுத்து வைக்கும்படி தனியாக வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் உறுப்புகளையே தேடுவது நல்லது.

பொருத்தும் வேலை எனக்கு மூன்று மணி நேரம் எடுத்தது. அதில் பாதிக்கு மேல் பழையதைக் கழற்றவே சென்றது. ஆங்கிள் வால்வை மூடி, தொட்டியைக் காலிசெய்து, அடியில் எஞ்சிய நீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்தேன். ஆங்கிள் வால்விலிருந்து தொட்டிக்கு நீர் கொண்டுவரும் வளைகுழாயைக் கழற்றியபின், தொட்டியைத் தாங்கிய இரண்டு போல்ட்டுகளும் துருவேறி அசைய மறுத்தன. துருநீக்கும் எண்ணெயை விட்டு அரை மணி நேரம் ஊறவைத்த பின்பே நட்டுகள் இளகின. இங்கே பொறுமை வேண்டும். பீங்கான் வலிமையானது போலத் தோன்றினாலும், ஓரிடத்தில் குவியும் விசையைத் தாங்காது. ஸ்பேனரை உதறி இழுத்தால் தொட்டியே விரிசல் விடும். தொகுப்பில் வந்த புதிய போல்ட்டுகள் துருப்பிடிக்காத உலோகத்தால் ஆனவை என்பது எனக்கு மிகுந்த நிறைவளித்தது. எட்டு மாதங்களுக்குப் பின்னும் அவற்றில் பழுப்பு நிறம் எதுவும் இல்லை.

தொட்டியைத் தரையில் துணி விரித்துப் படுக்கவைத்து, பழைய ஃபிளஷ் வால்வின் பெரிய பிளாஸ்டிக் நட்டைத் திருகி எடுத்தேன். துளையின் சுற்றுப்புறத்தில் வெண்மையாகப் படிந்திருந்த சுண்ணாம்பை வினிகரில் நனைத்த துணியால் மூடி வைத்து, ஊறிய பின் நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால், புத்தம் புதிய வாஷரும் பழைய மேடுபள்ளத்தின் மேல்தான் உட்காரும், கசிவு தொடரும். புதிய வால்வின் நட்டைக் கையால் இயன்றவரை இறுக்கி, அதன்பின் கால் சுற்று மட்டும் கருவியால் திருப்பினேன். தொட்டியை மீண்டும் கோப்பையின் மேல் ஏற்றும்போது இருபுற போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்; ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் நுரை வளையம் ஒருபுறம் நசுங்கி, ஃபிளஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் தரையில் நீர் சிந்தும்.

நிரப்பு வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொகுப்பில் நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்ட உறுப்பு அதுதான். பழைய தொட்டிகளில் நீண்ட கைப்பிடியின் நுனியில் ஒரு பந்து மிதக்கும்; பந்து எழும்பும் விசைதான் நெம்புகோலாக வாஷரை அழுத்தி நீரை நிறுத்தும். இரவில் பயன்பாடு குறைந்து குழாயில் அழுத்தம் கூடும்போது, அந்த விசை போதாமல் சொட்டத் தொடங்குவது அவற்றின் இயல்பு. புதிய வகையில் மிதவை ஒரு சிறு கிண்ணம் போல வால்வின் தண்டைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. உள்ளே ஒரு மெல்லிய டயஃப்ரம். அதன் நடுவே ஊசித்துளை. அந்தத் துளை வழியே மேலறைக்குச் செல்லும் நீரின் அழுத்தமே டயஃப்ரத்தை அழுத்தி வாயை மூடிவிடுகிறது. மிதவை இறங்கும்போது மேலறையின் அழுத்தம் வெளியேறி வால்வு திறக்கிறது. நீரைத் தடுக்கும் வேலையை நீரே செய்வதால், சிறிய மிதவை போதும். அழுத்தம் கூடினாலும் மூடல் தளர்வதில்லை. இதன் பலவீனமும் அதே ஊசித்துளைதான். ஒரு மணல்துகள் அதை அடைத்துவிட்டால் மேலறைக்கு அழுத்தம் செல்லாது, வால்வு மூடாது, தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். அதற்காகவே நுழைவாயில் ஒரு சிறு வலைவடிகட்டி வைத்திருக்கிறார்கள். வளைகுழாயை இணைப்பதற்கு முன் ஆங்கிள் வால்வைத் திறந்து, ஒரு வாளியில் சிறிது நீரைப் பாயவிட்டு, குழாயில் தேங்கிய துருவை வெளியேற்றிவிட வேண்டும். நான் அப்படிச் செய்தபோது முதலில் வந்த நீர் செம்பழுப்பாக இருந்தது. அது வால்வுக்குள் போயிருந்தால் முதல் நாளே பழுதாகியிருக்கும்.

நுழைவாயில் விரலளவு நீல நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றும் செருகப்பட்டிருந்தது. அது நீரோட்டத்தைக் குறைப்பதற்கானது; அழுத்தம் மிகுந்த குழாய்களுக்கு ஏற்றது. மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து தன் எடையால் இறங்கிவரும் நீருக்கு அது தேவையில்லை. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி 0.3 பார் அளவே தரும். அந்தத் துண்டை அப்படியே விட்டதால் முதல் நாள் தொட்டி நிரம்ப எட்டு நிமிடங்கள் ஆயின. எடுத்தபின் மூன்று நிமிடங்களுக்குள் நிரம்பியது. வழிகாட்டித் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வளைகுழாயின் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அங்கே நீரைத் தடுப்பது மரையன்று, குழாயின் தலைக்குள் இருக்கும் வாஷர். டேப்பைச் சுற்றினால் தலை சாய்ந்து ஏறி, பிளாஸ்டிக் மரை கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. உண்மையில் இந்தத் தொகுப்பின் நிரப்பு வால்வில் மரை ஆழமின்றி வெட்டப்பட்டிருக்கிறது. முதல் முறை நட்டைப் பிடித்தபோது அது கோணலாக ஏறியதை உணர்ந்து உடனே பின்வாங்கினேன். நட்டை முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பி, மரை ஒன்றில் ஒன்று விழும் மெல்லிய சொடுக்கு ஓசை கேட்டபின் சரியான பக்கம் திருப்பினால் நேராக ஏறுகிறது. அனுபவமுள்ள பிளம்பர்களின் கைகள் தாமாகவே இதைச் செய்யும். புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். உற்பத்தி செய்பவர்கள் இந்த மரையைச் சற்று ஆழமாக வெட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.

நிரப்பு வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்து, வழிவுக் குழாயின் வாயில் மாட்டப்படுகிறது. தொட்டி நிரம்பும்போது கோப்பைக்கும் சிறிது நீரை அனுப்பி, அங்குள்ள நீரடைப்பைப் புதுப்பிப்பது அதன் வேலை. சாக்கடை வாயுவும் நாற்றமும் வீட்டுக்குள் வராமல் காப்பது அந்தத் தேங்கிய நீர்தான். அதை மாட்டும் கொக்கி தளர்வாக இருந்ததால், கழன்றுவிடக் கூடாது என்று எண்ணி, குழாயின் நுனியை வழிவுக் குழாய்க்குள் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிவிட்டேன். அன்றிரவே மட்டம் மீண்டும் இறங்கியது. நுனி தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால், அந்த மெல்லிய குழாயே சைஃபனாக மாறி நீரைச் சிறுகச் சிறுக உறிஞ்சிக் கோப்பையில் விட்டுக்கொண்டிருந்தது. நுனியை விளிம்புக்கு மேலே தூக்கி, ஒரு நைலான் பட்டையால் கட்டியபின் நின்றது. புதிய உறுப்புகளைப் பொருத்திய பிறகும் ஓட்டம் நிற்காதவர்கள், பொருளைக் குறைகூறுவதற்கு முன் இந்த நுனி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அளவுகளைச் சரிசெய்வது எளிதாகவே இருந்தது. நீர்மட்டம் வழிவுக் குழாயின் விளிம்புக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையின் திருகை அமைத்தேன். அரை ஃபிளஷ் மட்டும் முதலில் மிகக் குறைவான நீரைத் தந்ததால், வீட்டில் எல்லோரும் இருமுறை அழுத்தத் தொடங்கினார்கள். நீரைச் சேமிக்கும் வசதியே அதைக் கூடுதலாகச் செலவழித்தது. வால்வின் பக்கவாட்டில் உள்ள சறுக்குத் தடுப்பை இரண்டு படி மாற்றியபின் ஒருமுறையே போதுமானது. பொத்தானுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள தண்டுகளைத் தொட்டியின் உயரத்துக்கேற்ப வெட்டிக்கொள்ள வேண்டும். சற்று நீளமாக விட்டாலும் மூடியே பொத்தானை அழுத்திப் பிடித்து, வால்வு முழுதாக இறங்காமல் கசியும்.

முதல் ஆறு மாதங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பென்சில் கோட்டுச் சோதனையில் மட்டம் மயிரிழைகூட இறங்கவில்லை. போல்ட்டுகளின் அடியில் வைத்த காகிதத் துணுக்குகள் நனையவில்லை. நிரம்பும் ஓசை பழையதில் பாதி.

ஆறாம் மாதத்தின் இறுதியில் ஓர் இரவு அந்த 'சர்' ஓசை மீண்டும் கேட்டது. மனம் சோர்ந்துதான் போயிற்று. மறுநாள் காலை கோடு போட்டுப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் அரை செ.மீ. இறங்கியிருந்தது. ஆங்கிள் வால்வை மூடி, தொட்டியைக் காலிசெய்து, ஃபிளஷ் வால்வின் மேற்பகுதியைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினேன். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. ஸ்பேனர் இல்லை, ஸ்க்ரூ டிரைவர் இல்லை, தொட்டியைத் தூக்க வேண்டியதில்லை. வளையத்தில் கடுகளவு துருத்துகள் ஒன்று பதிந்திருந்தது. இருக்கையின் ஓரத்தில் மெல்லிய வெண்படிவம். வளையத்தை விரலால் உருவி எடுத்துக் கழுவி, இருக்கையை வினிகர்த் துணியால் துடைத்து, வளையத்தின் மறுபக்கம் கீழே வரும்படி திருப்பிப் போட்டுப் பூட்டினேன். பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தன. கசிவு முற்றிலும் நின்றது. பழைய வால்வில் இதே துகள் பதிந்திருந்தால் தொட்டியைக் கழற்றி, புதிய வால்வு வாங்கி, அரை நாளைச் செலவிட்டிருப்பேன். இந்தத் தொகுப்பைப் பிறருக்குப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

இதனோடு சேர்ந்தே என் கடுமையான குறையையும் சொல்ல வேண்டும். வளையத்தைக் கையால் எடுக்க முடிகிறது. ஆனால் மாற்றிப்போட வேறு வளையம் இல்லை. பெட்டிக்குள் உபரியாக ஒன்று வைக்கவில்லை. வழிகாட்டித் தாளில் அதன் அளவும் குறிப்பிடப்படவில்லை. தயாரிப்பாளர்கள் தனியாக விற்பதுமில்லை என்று விசாரித்தபோது சொன்னார்கள். இவ்வளவு எளிதாகத் திறக்கும்படி வால்வை வடிவமைத்தவர்களுக்கு, தேய்வது வளையம் மட்டுமே என்பது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. தெரிந்தும் முழு வால்வை மீண்டும் வாங்கவைப்பது, பிளாஸ்டிக்கை வீணாக்குவதோடு பயன்படுத்துபவரின் உழைப்பையும் மதிக்காத செயல். நான் வளையத்தின் வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து, அதே அளவில் சிலிக்கான் வளையம் ஒன்றைத் தேடி வாங்கி, தொட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் இப்படித் தேடும் பொழுதும் வாய்ப்பும் இருக்காது.

வழிகாட்டித் தாளும் பெரிதாகத் திருத்தப்பட வேண்டியது. அதில் எண்ணிட்ட படங்கள் மட்டுமே உள்ளன. எந்த வால்வு பழுது என்று கண்டறியும் சோதனை அதில் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தொகுப்பை வாங்குபவர்களில் பலருக்கு இரண்டு வால்வுகளில் ஒன்றுதான் பழுதாகியிருக்கும். எங்கள் வீட்டில்கூட நிரப்பு வால்வு நன்றாகவே இருந்தது. அதைக் கழுவி, காயவைத்து, எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் தனித்தனியாக வாங்கும் வாய்ப்பு இருந்திருந்தால் ஃபிளஷ் வால்வை மட்டுமே வாங்கியிருப்பேன்.

பிளம்பரை அழைப்பதா, நாமே செய்வதா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. மிதவையைச் சரிசெய்வது, வடிகட்டியைக் கழுவுவது, கழற்றத்தக்க வால்வின் வளையத்தைத் துடைப்பது ஆகியவற்றை எவரும் அச்சமின்றிச் செய்யலாம். தொட்டியைக் கோப்பையிலிருந்து தூக்கும் வேலைக்கு இன்னொருவர் துணை வேண்டும். பீங்கான் தொட்டி காலியாக இருந்தாலும் கனமானது, ஈரக் கையில் வழுக்கும். ஆங்கிள் வால்வே மூடாமல் நீரை விட்டுக்கொண்டிருந்தால், அல்லது பீங்கானில் விரிசல் தெரிந்தால், தொடர வேண்டாம். தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.

நேற்று இரவு படுக்கப் போகுமுன் ஆங்கிள் வால்வை மூடி, புதிதாக ஒரு கோடு போட்டேன். இன்று காலை, ஏழு மணி நேரம் கழித்து, நீர் அந்தக் கோட்டிலேயே நின்றிருந்தது. உறையிலுள்ள வளையத்துக்கு இன்னும் வேலை வரவில்லை.